காணாமல் போன பிள்ளைக்காகக் காத்திருக்கும் வீட்டுக்கு

என் அக்கா மகன் 2014-இல், ஆடி மாதத் திருவிழாக் கூட்டம் ஒன்றில் காணாமல் போனான். அப்போது அவனுக்கு ஏழு வயது. இன்றுவரை கிடைக்கவில்லை. உயிரோடு இருக்கிறான் என்பதற்கும் ஆதாரம் இல்லை, இல்லை என்பதற்கும் ஆதாரம் இல்லை. தாய்மாமன் என்பதால் காவல் நிலையம், நீதிமன்றம், காப்பகம், பிணவறை என்று அலைந்தது பெரும்பாலும் நான்தான். அந்த அலைச்சலில் இதே நிலையில் இருக்கும் வேறு சில குடும்பங்களும் பழக்கமானார்கள். யாராவது முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நான் நினைத்தவற்றை இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சட்டம் இந்தியா முழுக்க ஒன்றுதான்.

உங்கள் பிள்ளை காணாமல் போனது நேற்றோ முந்தாநாளோ என்றால் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் இப்போது படியுங்கள். மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காவல் நிலையத்தில்

'24 மணி நேரம் பார்த்துட்டு வாங்க, எங்கயாவது சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருப்பான்' என்று சொல்வார்கள். அப்படிப் பொறுத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 112-க்கும் 1098-க்கும் உடனே அழையுங்கள். 1098 குழந்தைகளுக்கான இலவச உதவி எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். ரயில் நிலையம் பக்கத்தில் இருந்தால் 139-க்கும் சொல்லிவிடுங்கள். வழிதவறும் குழந்தைகள் பலர் ரயிலேறிவிடுகிறார்கள், ரயில் ஒரே இரவில் மாநிலம் தாண்டிவிடும்.

அடுத்து, எஃப்ஐஆர். 'சம்பவம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்த நிலையத்தில் புகார் கொடுத்தாலும் எஃப்ஐஆர் போட்டு, அதை உரிய நிலையத்துக்கு அவர்கள்தான் மாற்ற வேண்டும். 2013 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை காணவில்லை என்று புகார் வந்தால் கடத்தப்பட்டிருக்கலாம் என்றே எடுத்துக்கொண்டு வழக்குப் பதிய வேண்டும். இப்போதைய சட்டத்தில் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 137-ஆவது பிரிவு. பழைய ஆட்களுக்கு 363 என்றால் புரியும்.

எங்கள் வீட்டில் நடந்த தவறு இங்கேதான். நாங்கள் போன நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். முத்திரை, எண் எல்லாம் இருந்ததால் அதையே எஃப்ஐஆர் என்று நம்பிவிட்டோம். அது புகார் வந்தது என்பதற்கான ரசீது மட்டும்தான், அதை வைத்து விசாரணை நடக்காது. ஒன்பது நாள் போனது. அந்த ஒன்பது நாளில் பேருந்து நிலையத்துக் கடைகளின் கேமரா பதிவுகள் அழிந்துபோயின. பெரும்பாலான கேமராக்கள் சில நாட்களிலோ சில வாரங்களிலோ பழையதன் மேலேயே புதியதைப் பதிந்துவிடும். அதனால் எஃப்ஐஆர் நகலைக் கேட்டு வாங்குங்கள், அது இலவசம். 'இந்தக் கடைகள், இந்தத் தெருக்கள், இந்த நேரத்துப் பதிவுகளை எடுத்துவைக்க வேண்டும்' என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர்களிடம் நீங்களே நேரில் போய் 'அழிக்காதீங்க அண்ணே' என்று கேட்பதிலும் தவறில்லை.

எஃப்ஐஆர் போட மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், மாநகரம் என்றால் ஆணையருக்கும் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் மனு போடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று நின்றுவிடாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்கிறார்கள், எண் 15100. அம்மா பெயரிலேயே மனு போடுங்கள்.

யாரும் சொல்லாத இன்னொரு வாசல்

போலீஸோடு நிறுத்திவிடக் கூடாது என்பதை நான் ஓர் ஆண்டு கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் நலக் குழு என்று ஒன்று உண்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் உண்டு. தெருவிலோ ரயிலிலோ தனியாகக் கண்டெடுக்கப்படும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் அந்தக் குழு முன் நிறுத்த வேண்டும். குழு பிள்ளையைக் காப்பகத்துக்கு அனுப்பிப் பெற்றோரைத் தேடும். தேடியும் யாரும் வரவில்லை என்றால், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை இரண்டு மாதத்திலும், அதற்கு மேற்பட்ட பிள்ளையை நான்கு மாதத்திலும் தத்துக்கொடுக்கத் தகுந்தது என்று அறிவிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. நீங்கள் ஒரு மாவட்டத்தில் அழுதுகொண்டிருக்க, பக்கத்து மாநிலத்துக் காப்பகம் ஒன்றில் உங்கள் பிள்ளையின் நாட்கள் எண்ணப்படலாம்.

ஆகவே உங்கள் மாவட்டக் குழுவிடம் முதல் வாரத்திலேயே நேரில் போய் எழுதிக் கொடுங்கள். பிள்ளையின் விவரம் மத்திய அரசின் காணாமல் போன குழந்தைகளுக்கான இணையதளத்தில் ஏறிவிட்டதா என்று பாருங்கள். படம் சரியானதா, வயது சரியாக இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

தத்து விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சென்னையில் 1990களின் இறுதியில் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள் சிலர், தத்து என்ற பெயரில் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டிருந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வந்தது. அந்தப் பெற்றோர்களும் அதுவரை தேடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அடையாளங்களை எழுதி வையுங்கள்

எங்கள் முதல் சுவரொட்டியில் 'முன்பல் விழுந்திருக்கும்' என்று போட்டோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பல் சில மாதத்தில் முளைத்துவிடும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. சட்டை நிறம், முடிவெட்டு, பல் இவையெல்லாம் முதல் வாரத்துக்கு உதவும். அதற்குப் பிறகு மாறாதவைதான் வேண்டும்: மச்சம், தழும்பு, தடுப்பூசி வடு, காதின் வடிவம், விரல் வளைவு, பிறந்தபோதே இருந்த குறி.

ஓர் அடையாளத்தை மட்டும் வெளியே சொல்லாதீர்கள். குடும்பத்தில் இருவருக்கும் விசாரணை அதிகாரிக்கும் மட்டும் தெரிந்தால் போதும். இதன் பயன் பின்னால் புரியும்.

பிள்ளை பேசும் விதத்தையும் எழுதுங்கள். மத்தியப் பிரதேசத்தின் காண்ட்வாவைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் 1986-இல் ரயிலில் தூங்கிப்போய்க் கல்கத்தா போய்ச் சேர்ந்தான். ஷேரு என்ற தன் பெயரை 'சரூ' என்றுதான் அவனுக்குச் சொல்லத் தெரிந்தது. தான் இருந்த பகுதியின் பெயரையும் மழலையில் திரித்தே சொன்னான். யாருக்கும் எந்த ஊர் என்று புரியவில்லை. ஆஸ்திரேலியத் தம்பதிக்குத் தத்துப் போனான். வளர்ந்த பிறகு செயற்கைக்கோள் படங்களில் தண்டவாளங்களைப் பின்தொடர்ந்து ஊரைத் தேடிக் கண்டுபிடித்து, 2012-இல் தாயிடம் திரும்பி வந்தான். உங்கள் பிள்ளை தன் பெயரை, ஊரை, தெருவை, பாட்டியை எப்படி உச்சரிக்கும் என்று அப்படியே எழுதுங்கள். எங்கள் பையன் 'மணிகண்டம்' என்ற ஊர்ப்பெயரை 'மங்கண்ணம்' என்பான். காப்பகத்துக்கெல்லாம் அனுப்பும் தாளில் இப்போது அதுவும் இருக்கிறது.

பால்பல், சீப்பில் சிக்கிய முடி, பல் துலக்கும் பிரஷ் இருந்தால் காகித உறையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிக் கெட்டுவிடும். பெற்றோர் இருவரின் ரத்த மாதிரியையும் டிஎன்ஏ ஒப்பீட்டுக்காக எடுக்கும்படி விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கேளுங்கள். அடையாளம் தெரியாத உடல் கிடைக்கும்போதெல்லாம் அம்மா அப்பாவை வரவழைத்துக் காட்டும் கொடுமை இதனால் கொஞ்சம் குறையும். அப்படி அழைப்பு வந்தால் பெற்றவர்கள் போக வேண்டாம். மாமா, சித்தப்பா, நெருங்கிய நண்பர் என்று ஒருவரை இப்போதே முடிவு செய்யுங்கள். அந்த ஒருவரும் தனியாகப் போகக் கூடாது. நான் ஐந்து முறை போயிருக்கிறேன். துணைக்கு ஆள் இல்லாமல் போன முதல் முறையை இன்னும் மறக்க முடியவில்லை.

தொலைபேசி எண்ணை மாற்றவே மாற்றாதீர்கள். பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண், ஆதாரில் இணைத்த எண் இரண்டுக்கும் தவறாமல் ரீசார்ஜ் செய்யுங்கள். 90 நாள் பயன்படுத்தாத சிம் வேறொருவர் கைக்குப் போய்விடலாம். ஆதாரைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. ஐந்து வயதுக்கு மேல் கைரேகை பதிந்த பிள்ளைகளுக்கு, காப்பகத்தில் புதிதாக ஆதார் எடுக்கப் போகும்போது 'ஏற்கெனவே இருக்கிறது' என்று வந்து, அதன் மூலம் வீடு திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

பணம் கேட்டு வரும் அழைப்புகள்

கட்டாயம் வரும். 'உங்க பையன் எங்ககிட்டதான் இருக்கான், இருபதாயிரம் போடுங்க, கூட்டிட்டு வர்றேன்' என்பார்கள். சுவரொட்டியில் இருப்பதையெல்லாம் சரியாகச் சொல்வார்கள். நீங்கள் மறைத்து வைத்த அந்த ஓர் அடையாளத்தைக் கேளுங்கள். இப்போது கணினியில் படமும் குரலும் உருவாக்க முடிகிறது, படத்தைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். அம்மா கையில் அந்தத் தொலைபேசி இருக்கவே கூடாது. சுவரொட்டிக்கென்று ஒரு தனி எண் வாங்கி வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மை போட்டுப் பார்ப்பவர், குறி சொல்பவர், நாடி ஏடு படிப்பவர் எல்லோரும் திசை சொல்வார்கள். எங்கள் அக்கா இரண்டு பவுன் சங்கிலியை விற்று 'தென்கிழக்கு, தண்ணீர் பக்கத்தில்' என்ற பதிலை வாங்கி வந்தாள். அவளை நான் திட்டினேன். திட்டியிருக்கக் கூடாது. அன்று அவளுக்கு யாராவது ஒருவர் அவனைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் போவார்கள். தடுக்க முடியாவிட்டால் வருடத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று ஒரு வரம்பு வையுங்கள். கடன் வாங்கி மட்டும் போக விடாதீர்கள். கோயிலில் நேர்ந்துகொண்டு முடிச்சு போடுவதற்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன், அதில் யாரும் ஏமாற்றுவதில்லை.

மாதங்கள் ஓடிய பிறகு

நான்கு மாதத்தில் பிள்ளை கிடைக்கவில்லை என்றால், வழக்கை ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு அனுப்பலாம் என்று அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்கிறது. தானாக நடக்கும் என்று காத்திருக்காதீர்கள், தேதியைக் குறித்து வைத்து நீங்களே எழுதிக் கேளுங்கள். இப்போதைய சட்டப்படி விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும், அதையும் கேளுங்கள். யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகத்துக்குக் காரணம் இருந்தால், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். தென்மாவட்டக்காரர்களுக்கு மதுரைக் கிளை இருக்கிறது.

ஒரு நாள் 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்று இறுதி அறிக்கை போட்டு, உங்களுக்கு நோட்டீஸ் வரும். அந்தத் தாளைப் பார்த்ததும் அக்கா, அவனையே இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றுதான் புரிந்துகொண்டாள். அப்படி இல்லை. அதை ஆட்சேபித்து நீதிமன்றத்தில் மனு போடலாம். புதிய தகவல் கிடைத்தால் எத்தனை ஆண்டு கழித்தும் மேல்விசாரணை செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கடத்தல் வழக்குக்குக் காலக்கெடு கிடையாது.

ஆய்வாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். புதிதாக வருபவருக்கு உங்கள் பிள்ளை அலமாரியில் இருக்கும் ஒரு பழைய கட்டு. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பக்கத்தில் விவரம் எழுதி, படம் ஒட்டி, எஃப்ஐஆர் எண் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கோபத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். முந்தைய ஆய்வாளர் செய்யாததை இவரிடம் கேட்டுச் சண்டை போட்டால், இவரும் கட்டைத் திறக்க மாட்டார். நான் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தேடலுக்கு ஒரு நாள், ஓர் இடம்

இதுதான் நான் சொல்ல வந்ததிலேயே முக்கியம். முதல் இரண்டு வருடம் எங்கள் வீட்டில் தேடலைத் தவிர எதுவும் இல்லை. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் சுவரொட்டிக் கட்டு. நடுராத்திரியில் அத்தான் வண்டியை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போவார். தேடாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பிள்ளைக்குத் துரோகம் செய்வதுபோல இருந்தது. அப்போது வீட்டில் நான்கு வயது மகள் ஒருத்தியும் இருந்தாள். அவள் ஒரு நாள் என்னிடம், 'மாமா, நான் காணாமப் போனா என்னையும் இப்படித் தேடுவாங்களா?' என்று கேட்டாள்.

அன்றுதான் உட்கார்ந்து பேசினோம். ஒரு நீளநோட்டு, ஒரு டிரங்குப் பெட்டி. எல்லாத் தாளும் அதற்குள். மாதத்தில் முதல் ஞாயிறு தேடலுக்கு. அன்று இணையதளத்தைப் பார்ப்பது, காப்பகங்களுக்குப் பேசுவது, அதிகாரிக்குக் கடிதம் எழுதுவது, சிம்முக்கு ரீசார்ஜ் போடுவது. செய்ததை நோட்டில் தேதியோடு எழுதிவிட்டுப் பெட்டியை மூடுவோம். நடுவில் தகவல் வந்தால் எந்த நாளானாலும் ஓடுவோம், அது வேறு. ஆனால் மற்ற நாட்களில் சமைக்கலாம், சிரிக்கலாம், மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போகலாம். வேலை செய்யப்படுகிறது என்று நோட்டு சாட்சி சொல்லும். அக்காவுக்குத் தூக்கம் திரும்பியது அதற்கப்புறம்தான். நீங்கள் முதல் மாதத்திலேயே இதை ஆரம்பிக்க முடியாது. ஆறு மாதத்தில் முயன்று பாருங்கள்.

இந்த நிலைக்கு ஒரு பெயர் இருக்கிறது. வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களைப் பார்த்த அமெரிக்க உளவியல் அறிஞர் பாலின் பாஸ், 1970களில் இதைத் தெளிவற்ற இழப்பு என்று அழைத்தார். இறந்தவர்களுக்கு அழுது முடிக்கலாம், இதில் அழுது முடிக்க முடியாது. அது உங்கள் பலவீனம் அல்ல, இழப்பின் தன்மை அப்படி. 'வந்துவிடுவான்' என்பதையும் 'வராமலே போகலாம்' என்பதையும் ஒரே மனதில் சேர்த்து வைத்திருக்கலாம், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்கிறார் அவர். இதைக் கேட்டதும் அக்கா, 'சரி, நான் பைத்தியம் இல்லை' என்றாள்.

கணவனும் மனைவியும் ஒரே மாதிரி காத்திருக்க மாட்டார்கள். ஒருவர் அவன் பெயரையே பேச மாட்டார், இன்னொருவருக்கு அவன் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 'உனக்குப் பாசம் இல்லை' என்ற சொல் மட்டும் வீட்டில் வரக் கூடாது. 'அன்னைக்கு நீ கையை விட்டுட்டே' என்ற சொல்லும். அது ஒருமுறை வாயிலிருந்து விழுந்தால் திரும்ப அள்ள முடியாது. இரவு தாங்க முடியவில்லை, உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்றால் 14416-க்கு அழையுங்கள். அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. 104-லும் பேசலாம்.

உறவினர்கள், பண்டிகைகள்

ஒரு வருடம் ஆனதும் 'காரியம் பண்ணிடுங்க, ஆத்மா சாந்தி அடையும்' என்று ஒரு பெரியவர் வருவார். சிலர் பன்னிரண்டு வருடக் கணக்கு சொல்வார்கள். ஏழு ஆண்டு எந்தத் தகவலும் இல்லை என்றால், இறந்துவிட்டதாக நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. சொத்து போன்ற தேவைக்கு யாராவது கேட்டுப் போனால்தான் அந்தப் பேச்சே எழும், ஏழாம் வருடம் தானாக எதுவும் நடந்துவிடாது. செய்வதா வேண்டாமா என்பது பெற்றவர்களின் முடிவு, பெரியப்பாவின் முடிவு அல்ல. இலங்கையில் போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பிப்ரவரியில் தெருவோரம் உட்கார்ந்தார்கள். மரணச் சான்றிதழ் வேண்டாம், என் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். அவர்கள் கதை வேறு, அரசு பதில் சொல்ல வேண்டிய கதை. ஆனால் அந்த மறுப்பு அக்காவுக்கு நன்றாகப் புரிகிறது.

ரேஷன் அட்டையில் பெயரை எடுக்கச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் மசியாதீர்கள்.

தீபாவளிக்கு அக்கா இன்னும் அவனுக்குச் சட்டை எடுக்கிறாள். அளவுக்கு, அவனோடு ஒன்றாம் வகுப்பு படித்த பக்கத்துத் தெருப் பையனைக் கூப்பிட்டுத் தோளில் வைத்துப் பார்ப்பாள். முதல் சில வருடம் அதைப் பார்த்து எங்களுக்குப் பயமாக இருந்தது, தடுத்தோம். இப்போது தடுப்பதில்லை. பொங்கலுக்கு அந்தச் சட்டையை அந்தப் பையனுக்கே கொடுத்துவிடுகிறாள். உங்கள் வீட்டிலும் ஓர் இலை, ஒரு சட்டை, ஒரு விளக்கு என்று ஏதோ ஒன்று உருவாகும். அது ஒரு நாளோடு முடிகிறதா, வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைக்கும் அன்று புதுச்சட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

'எத்தனை பசங்க?' என்று பேருந்தில் யாராவது கேட்பார்கள். இதற்குப் பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே உடைந்துவிடுவீர்கள். நம்பிக்கைக்குரியவரிடம் முழுதும் சொல்லலாம், அந்நியரிடம் ஒன்று என்று சொல்வதும் பாவம் அல்ல. அக்கா எப்போதும் இரண்டு என்றுதான் சொல்கிறாள். 'பொண்ணு பத்தாவது முடிச்சிட்டா. பையன் வெளியூர்ல இருக்கான்.'

தகவல் வந்தால்

கிடைக்கும் பிள்ளை, நீங்கள் தொலைத்த பிள்ளையாக இருக்காது. காண்ட்வா பையன் தாயைப் பார்த்தபோது அவனுக்கு இந்தி மறந்துபோயிருந்தது, பேசவே இடையில் ஆள் தேவைப்பட்டது. உங்கள் பிள்ளைக்கும் தமிழ் போயிருக்கலாம், வேறு பெயர் ஒட்டியிருக்கலாம், வேறொருவரை அம்மா என்று கூப்பிடலாம். குழந்தைகள் நலக் குழு சொல்கிற வழியில், டிஎன்ஏ முடிவு வந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுங்கள். ஊரைக் கூட்டி மாலை போட்டு வீடியோ எடுக்க விடாதீர்கள். சுவரொட்டிகளையும் இணையத்தில் போட்ட படங்களையும் உடனே எடுத்துவிடுங்கள்.

எங்கள் பையனுக்கு இப்போது பதினெட்டு தாண்டிவிட்டது. குழந்தைகள் காப்பகங்களுக்குப் பேசி இனிப் பயன் குறைவு. போன முதல் ஞாயிறன்று நோட்டில் புதுப் பட்டியல் ஒன்று எழுதினோம்: ஆதரவற்றோர் மற்றும் மனநலக் காப்பகங்கள், வெளிமாநில ஓட்டல்களிலும் செங்கல் சூளைகளிலும் மீட்கப்படும் இளைஞர்களின் விவரம் கேட்க வேண்டிய தொழிலாளர் துறை அலுவலகங்கள். தாளில் படத்துக்குக் கீழே வயதைத் திருத்தினோம். 'மங்கண்ணம் என்று சொல்வான்' என்ற வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றாள் அக்கா.